குடில் பெட்டியும் மரநாயும்

எங்கள் வீட்டுப் பரணில் மரநாய் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். சொன்னபோது அது அங்கே இல்லை. சொன்ன பிறகுதான் வந்தது. தினசரியில் நெடுங்காலம் செய்தி எழுதியவனுக்கு, எழுதிய பிறகு சம்பவம் நடப்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அது நம் தலைக்கு மேலேயே நடந்தால் சோறு இறங்குவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் டாக்டர். அவரிலிருந்து தொடங்குகிறேன்.

"இது மூணு மாசச் சர்க்கரையோட சராசரி அமல்ராஜ். முந்தின நாள் பட்டினி கெடந்து என்னை ஏமாத்த முடியாது," என்றார் தேனி டாக்டர். "டிசம்பர்ல மறுபடி எடுப்போம். குறையலைன்னா ஊசிதான். தினமும்."

நான் பஸ் கவிழ்ந்த பள்ளத்தில் இறங்கிச் செய்தி எடுத்தவன். முல்லைப் பெரியாறு கரை தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று படம் பிடித்தவன். பஞ்சாலை எரிந்தபோது தீயணைப்பு வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவன். ஆனால் ஊசி வேறு விஷயம். அந்தச் சொல்லை எழுதும்போதே இடது கை கூசுகிறது.

பக்கத்தில் என் மனைவி சகாயராணி உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு ஆசிரியை. என் இரத்தப் பரிசோதனைத் தாளை, தோற்ற பையனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"குறைஞ்சிரும் டாக்டர். நான் பாத்துக்கிடுறேன்."

அங்கேயே ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். இனி இனிப்பு என்பதே என் நாக்குக்குத் தெரியாது. இந்தத் தீர்மானம் தேனியிலிருந்து சின்னமனூர் வரை நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது. சின்னமனூரில் பஸ் ஒரு மிட்டாய்க் கடைக்கு எதிரே நின்றது.

"இங்கன பாருங்க," என்றாள் சகாயராணி.

"நான் பாக்கலையே."

"அதான், அங்கன பாக்காம இங்கன பாருங்கன்னேன்."

ஓடைப்பட்டியில் இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் வழியிலிருந்த எல்லாக் கடைகளிலும் அவள் சொல்லிவிட்டாள். கடைக்காரர்களின் பிள்ளைகள் அவளிடம் படிக்கிறார்கள். எனக்குக் கடலைமிட்டாய் விற்கும் துணிச்சல் ஊரில் யாருக்கும் இல்லை. டீக்கடையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "சாருக்குச் சீனி இல்லாம" என்று கூவுகிறார்கள். தெருவே திரும்பிப் பார்க்கிறது.

என் பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு எங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒருமுறை 'விலங்கு விந்தை' எழுதுகிறேன். டாக்டரிடம் போய் வந்த அந்த வாரம் பழந்தின்னி வௌவாலின் முறை. அது தினமும் தன் உடம்பின் எடைக்கு ஈடாகப் பழம் தின்னும். தின்ற சர்க்கரை இரத்தத்தில் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடும். மாத்திரை கிடையாது, பத்தியம் கிடையாது, ஆறாம் வகுப்பு ஆசிரியை கிடையாது. குழந்தைகளுக்காக ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். எனக்கு வந்தது பொறாமை.

சகாயராணி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்பது என் நம்பிக்கை. பொரித்த அப்பளத்தை அதன்மேல்தான் எடுத்துப் போடுவாள். வயிற்றில் குஞ்சுகளைச் சுமக்கும் என் ஆண் கடல்குதிரை பலமுறை எண்ணெயில் முழுகியிருக்கிறது.

ஏலக்காய் விலை விசாரிக்க மாதம் ஒருமுறை குமுளிக்குப் போவேன். அந்த மாதமும் போனேன். எல்லை தாண்டிய முதல் கடையில் சர்க்கரவரட்டி வறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நேந்திரங்காயைத் தடிமனாக நறுக்கி வறுத்து, வெல்லப்பாகில் புரட்டி, சுக்குப்பொடி தூவுவது. கடைக்காரச் சேட்டன் கரண்டியை நீட்டி, "டேஸ்ட் நோக்கிக்கோ சாரே" என்றார். விருந்தோம்பலை மறுப்பது பண்பாடு அல்ல.

திரும்பும் பஸ்ஸில் பை கனத்தது. மடியில் வெல்ல வாசம். அப்போது செல்போனில் ஒரு சிறு வாசகியின் குரல் செய்தி.

"அங்கிள், நான் கடமலைக்குண்டு திரிஷா. மேகமலையில அம்மா இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள்ள இருந்து அடைச்சுக்கிட்டு முட்டையிடும், அப்பா இருவாச்சி பழம் கொண்டாந்து ஊட்டும்னு எழுதியிருந்தீங்க. அது வழியில ஒண்ணக்கூட முழுங்காதா? ஆசையா இருக்காதா?"

நல்ல கேள்வி. வாய் நிறையச் சர்க்கரவரட்டி இருந்ததால் பதிலைப் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒளிக்கும் இடத்தை முன்பே யோசித்து வைத்திருந்தேன். எங்கள் அடுப்படி ஓடு வேய்ந்தது. ஓட்டுக்குக் கீழே பலகைப் பரண். அங்கே கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் வைத்த பெட்டி இருக்கிறது. மரியாள், சூசையப்பர், இடையர்கள், ஒட்டகம், ஒரு காது உடைந்த கழுதை எல்லோரும் வைக்கோலுக்குள் வருடம் முழுவதும் உறங்குவார்கள். டிசம்பர் வரை அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். ஒட்டகத்துக்கு அடியில் என் பிஸ்கட் டப்பாவைச் சொருகினேன். டிசம்பருக்குள் தின்று முடித்துவிடலாம். அதே டிசம்பரில்தான் பரிசோதனை என்பது, மெல்லும்போது எப்படியோ மறந்துபோகும்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஏணியின் உச்சியில், தலை பரணுக்குள்ளும் கால் வெளியிலுமாக நின்றபோது கீழே குரல்.

"அங்கன என்ன பண்றீக?"

அரைத் துண்டு வாயில் இருந்தது. அதை அப்படியே விழுங்கினேன். கண்ணில் நீர் வந்தது.

"ஷ்ஷ்! சத்தம் போடாத. மரநாய்!"

"மரநாயா?"

"ஆமா. ஓட்டு வழியா வந்துருக்கு. குட்டி போட்டிருக்கும்போல. சிறுவர் பக்கத்துக்கு வேணும்ல, கவனிச்சு எழுதலாம்னு..."

"கடிக்குமா?"

"குட்டி இருக்கிற தாய் கண்டிப்பாக் கடிக்கும். நீ மட்டும் ஏறவே கூடாது."

"நீங்க ஏறலாமா?"

"எனக்கு அதோட பழக்கவழக்கம் தெரியும்."

சகாயராணி ஏணியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் மேலே பார்த்தாள். "சரி, பாத்து எழுதுங்க. பைய எறங்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். ஓர் அமைச்சர் இத்தனை எளிதாக ஒப்புக்கொண்டால் உடனே சந்தேகப்பட்டிருப்பேன். மனைவி விஷயத்தில் பயிற்சி போதாது.

அதன்பிறகு பரண் என் அலுவலகம் ஆனது. பேனாவும் காகிதமுமாக ஏறுவேன். கீழே அவள் ரசம் வைத்துக்கொண்டிருப்பாள். மேலே நான் மரநாயைக் கவனித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ரசம் லேசாக இனித்தது. தக்காளி அப்படி என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

பொய்க்கு மரியாதை செய்யும் வகையில் மரநாயைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். பெயரில் நாய் இருந்தாலும் அது நாய் அல்ல, பூனையும் அல்ல. சாம்பலும் கறுப்புமான உடம்பு, முகத்தில் பட்டை, நீண்ட வால். பகலில் இருண்ட மூலையில் சுருண்டு தூங்கும். பழம் என்றால் உயிர். பழுத்த காப்பிப் பழமாகத் தேடித் தின்னும். ஒரே இடத்தைத் தேடி வந்து எச்சமிடும், அதில் விதைகள் அப்படியே முழுசாக இருக்கும். அதன் உடம்பிலிருந்து வெந்த அரிசி போன்ற ஒரு மணம் வரும் என்பார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பரணில் நான் அறிந்த ஒரே மணம் சுக்கு.

கட்டுரை வந்த மறுவாரம் டப்பாவைத் திறந்தேன். சர்க்கரவரட்டி குறைந்திருந்தது.

நான் தின்றதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. தின்றவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அடுத்தமுறை இன்னும் குறைந்திருந்தது. டப்பாவின் பக்கத்தில் பலகைமேல், கறுப்பாக, நீளமாக ஒன்று. குனிந்து பார்த்தேன். உள்ளே முழு முழு விதைகள்.

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இறங்கியபோது ஒரு செருப்பு மேலேயே இருந்தது.

ஆனாலும் நான் பத்திரிகைக்காரன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒருவர் சொன்னால் வதந்தி, இரண்டாவது ஆள் தனியாக உறுதிசெய்தால் செய்தி. அடுத்த தோட்டத்துத் திராட்சைப் பந்தலில் பறவைக்கு வலை கட்டிக்கொண்டிருந்த பிச்சைமணியிடம் போனேன். நான் எதையும் கேட்பதற்கு முன்பே அவன் ஆரம்பித்தான்.

"அண்ணே, உங்க ஓட்டுமேல ஏதோ திரியுதாமே? வாலு இம்புட்டு நீளமாம்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்னா... பாத்தது மாதிரித்தான்."

"நிறம்?"

"சாம்பலும் கறுப்பும் கலந்தாப்ல. மூஞ்சியில ஒரு பட்டை. ஆத்தாடி, பல்லு இருக்கே!"

எல்லாம் கட்டுரையில் இருந்தபடியே பொருந்தியது. செய்தி உறுதியானது. அந்த எச்சத்தைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினேன். 'நம் நிருபர் வீட்டுக்கே வந்த விருந்தாளி' என்ற தலைப்பில் வந்தது. குழந்தைகள் குதூகலித்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று.

காரணத்தைச் சொல்கிறேன். மரநாய் கடித்தால் என்ன செய்வார்கள்? தடுப்பூசி போடுவார்கள். ஒன்றோடு விடமாட்டார்கள், வரிசையாகப் போடுவார்கள். மேலே ஏறினால் அந்த ஊசி. ஏறித் தின்றால் டாக்டரின் ஊசி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூர்முனை என்னையே பார்த்தது.

சரி, ஏறாமல் இருந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. குடில் பெட்டி இறங்கினால் ஒட்டகத்துக்கு அடியில் டப்பா வெளிப்படும்.

ஒரு ஞாயிறு மதியம் துணிந்து ஏறினேன். டப்பாவை மட்டும் எடுத்துவிட்டால் போதும். பரணுக்குள் தலையை நுழைத்ததும் மூக்கில் அடித்தது மணம். சூடாக, அருகிலேயே, வெந்த அரிசியின் மணம்!

"சகாயராணி! அது இங்கனதான் இருக்கு! வாசம் வருது!"

"என்ன வாசம்?"

"வெந்த அரிசி!"

"சோறு வடிக்கிறேங்க."

அதற்குள் நான் பாதி ஏணியைத் தவறவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அவள் கரண்டியோடு வந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"இம்புட்டுப் பயம் எதுக்கு? வனத்துறைக்கு ஒரு போன் போட்டா வந்து புடிச்சிட்டுப் போயிருவாக."

"வேண்டாம்!"

"ஏன்?"

வனத்துறை ஆட்கள் வந்தால் பரணில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். ஒட்டகத்தையும் இறக்குவார்கள்.

"பாவம், குட்டிக இருக்கு," என்றேன். "தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது."

"ஐயோ, உங்களுக்கு எம்புட்டு இளகுன மனசு," என்றாள் சகாயராணி. அவள் குரல் ஏன் லேசாக நடுங்கியது என்று அப்போது புரியவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இந்த வருஷம் குடில் சாமானைப் புதுசா வாங்கிருவோமா?"

"ஏன், இயேசு பாலன் பழசாயிட்டாரா?"

"கழுதைக்குக் காது உடைஞ்சிருக்கு."

"உடைஞ்ச காதோட அது எத்தனையோ கிறிஸ்துமஸ் பாத்திருச்சு. இதையும் பாக்கும்."

அடுத்த முறை குமுளிக்குப் போனபோது பிச்சைமணி தானும் வருவதாகத் தொற்றிக்கொண்டான். கடைப்பக்கம் நான் ஒதுங்கினால் அவனும் ஒதுங்கினான். மூத்திரத்துக்குப் போனாலும் பின்னால் வந்தான். வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் பாகற்காய்ப் பொரியல். மறுநாள் வெந்தயக்கீரை. வாக்கிங் போகவில்லை என்று குற்றம் சொல்லவும் முடியாது. ஓட்டில் ஏதாவது சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊர் எல்லை வரை வேகமாக நடந்துவிட்டு வந்தேன்.

டிசம்பரில் தேனிக்குப் போனோம். இரத்தம் எடுத்த பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சகாயராணியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். என் நெஞ்சு, ஓட்டுமேல் எதுவோ ஓடுவதுபோல் தடதடத்தது.

"அருமை அமல்ராஜ்! நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி வேண்டாம். என்ன பண்ணுனீங்க?"

"மன உறுதி டாக்டர்," என்றேன்.

சகாயராணி இருமினாள்.

திரும்பும் வழியில் மார்பு நிமிர்ந்திருந்தது. சின்னமனூர் மிட்டாய்க் கடையை நேருக்கு நேர் பார்த்தேன். அது கண்ணைத் தாழ்த்திக்கொண்டதாகவே பட்டது. அந்த நிமிர்வோடு வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்படித் தரையில் குடில் பெட்டி இருந்தது. பக்கத்தில் பிச்சைமணி ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

"மதினி எறக்கி வைக்கச் சொன்னாக," என்றான். "சாவி குடுத்துட்டுத்தான் தேனிக்குப் போனாக."

"மேல... மரநாய்?"

பிச்சைமணி என்னைப் பார்த்தான். சகாயராணியைப் பார்த்தான். "திராட்சைக்கு மருந்தடிக்கணும் அண்ணே," என்று சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பினான்.

சகாயராணி தரையில் உட்கார்ந்து மரியாளை எடுத்து வெளியே வைத்தாள். சூசையப்பரை எடுத்தாள். காது உடைந்த கழுதையை எடுத்தாள். ஒட்டகத்தை எடுத்தாள். டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். திறந்தேன். சுத்தமாகக் கழுவித் துடைத்திருந்தது.

"பிச்சைமணி வாலைப் பாத்தேன்னானே?"

"நான்தான் பாத்தேன்னு அவர்ட்ட சொன்னேன். அவரு உங்ககிட்ட சொன்னாரு. நீங்க ரெண்டு பேரு சொன்னதா எடுத்துக்கிட்டீக."

இத்தனை கால அனுபவத்தில், இரண்டாவது ஆளுக்கு யார் சொன்னது என்று கேட்க மறந்தது அன்றுதான்.

"எப்பத்தான் கண்டுபுடிச்ச?"

"ரசம் இனிச்சுச்சுல்ல, அன்னைக்கே. பலகைச் சந்து வழியா வெல்லத்தூளு சட்டியில விழுந்துச்சு. கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டேன். மரநாய் மொறுக்கு மொறுக்குன்னா மெல்லும்?"

"அந்த எச்சம்?"

"பேரீச்சம்பழத்தைப் பெசஞ்சு பப்பாளி விதையைப் போட்டேன். விதை முழுசா இருக்கும்னு நீங்கதான எழுதியிருந்தீக."

"நீ என் பக்கத்தைப் படிப்பியா?"

"அப்பளம் வைக்கிறதுக்கு முந்தி."

அப்போதுதான் படம் நினைவுக்கு வந்தது. "அதைப் படம் புடிச்சுப் பேப்பர்ல போட்டுட்டேனே!"

"ஆமா. எங்க கிளாஸ் பிள்ளைக வெட்டி ஒட்டி வச்சிருக்குதுக."

"திருத்தம் போடணும்."

"கட்டாயம் போடணும். பிள்ளைககிட்டப் பொய் சொல்லக் கூடாது. என்னது, யாரு வச்சது, எதுக்கு வச்சதுன்னு விவரமாப் போடுங்க."

மறுவாரம் திருத்தம் வந்தது. 'படத்தில் இருந்தது மரநாயின் எச்சம் அல்ல. தவறுக்கு வருந்துகிறோம்.' விவரம் போட இடம் போதவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. பெட்டி இறங்கிய அன்றைக்கே கேட்டேன்.

"டப்பாவில இருந்த அம்புட்டையும் என்ன பண்ணுன?"

"தின்னேன்," என்றாள் சகாயராணி, இயேசு பாலனின் முகத்தில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டபடி. "எனக்கென்ன சர்க்கரையா இருக்கு? நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை குமுளி போறப்ப இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. மரநாய்க்குச் சுக்கு தூக்கலா இருக்கணுமாம்."

போனேன். வாங்கினேன். கடைக்காரச் சேட்டனின் கரண்டியை இந்தமுறை கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். பொட்டலத்தின் வாயை ஒட்டித் தரச் சொன்னேன். ஒட்டியது பிரிந்திருக்கிறதா என்று வீட்டில் பரிசோதிப்பாள். பஸ்ஸில் மடிமேல் அது சூடாக உட்கார்ந்திருந்தது. வெல்ல வாசம் கண்ணாடி ஜன்னல் வரை பரவியது. லோயர்கேம்ப் இறக்கத்தில் செல்போன் அடித்தது.

"அங்கிள், கடமலைக்குண்டு திரிஷா. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லல. அந்த அப்பா இருவாச்சி, கொண்டு போற பழத்தை வழியில தின்னாதா?"

"தொண்டை வரைக்கும் வரும் பாப்பா," என்றேன். "முழுங்க முடியாது."